எங்கள், நம், அவர்கள்: தொலைக்காட்சி நாட்டுப்புற இசை நிகழ்ச்சிகளின் மொழி குறித்து

1.0 முன்னுரை

நாட்டுப்புறப் பாடல்கள் அச்சேறியபோது அவற்றுக்கு நேர்ந்த மாற்றங்கள் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அவை தொலைக்காட்சித் திரையை அடைந்தபோது நேர்ந்தவை பற்றி எழுதப்பட்டது அதனினும் குறைவு. பாடல், ஆடல், நேர்காணல், விளக்கவுரை, சிறு நகைச்சுவை ஆகியவற்றை ஒருசேரக் கோத்துத் தரும் நாட்டுப்புறக் கலைநிகழ்ச்சி என்னும் வகைமை பொதுத்துறைத் தொலைக்காட்சியின் பல நிலையங்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளது. இதனை இசை நோக்கிலும் சமூகவியல் நோக்கிலும் ஆராயலாம். இக்கட்டுரை இதன் மொழியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு பாடலை 'எங்கள் பாட்டு' என்பவர் யார், 'நம் பாட்டு' என்பவர் யார், 'அவர்கள் பாட்டு' என்பவர் யார் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

1.1 இவ்வினாவை எழுப்புதற்குச் சென்னையைக் காட்டிலும் மும்பையின் கோவண்டி தகுந்த இடம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. துறைமுக இருப்புப்பாதையில் செம்பூருக்கும் மான்கூர்டுக்கும் இடையில் உள்ள நிலையம் கோவண்டி. 1927 முதல் நகரின் குப்பை கொட்டப்படும் தேவனார் மேடும், 1971-இல் தொடங்கிய தேவனார் இறைச்சிக்கூடமும் இதன் அருகில் உள்ளன. நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட எளிய மக்கள் பலர் இச்சுற்றுவட்டாரத்திலேயே குடியமர்ந்தனர். 1976-இல் ஜனதா காலனி அகற்றப்பட்டபோது அங்கிருந்தோர் அருகிலுள்ள சீத்தா கேம்ப்பில் குடியமர்த்தப்பட்டதும், அவர்களுள் தமிழர் கணிசமாக இருந்ததும் அறிந்த செய்தியே. மாட்டுங்காவின் தமிழ் கருநாடக இசை அவைகளோடு அறியப்படுவது. தாராவியின் தமிழ் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் தொழிலுக்கு வந்தோரோடு அறியப்படுவது. கோவண்டித் தமிழுக்கு அத்தகைய தனி அடையாளம் எதுவும் அமையவில்லை. பல வட்டார வழக்குகள், உருது, இந்தி, மராத்தி ஆகியவற்றோடு ஒரே சந்தில் ஒன்றையொன்று உரசி வாழும் தமிழ் அது.

1.2 கோவண்டித் தமிழர் நாட்டுப்புற இசை நிகழ்ச்சியை முதலில் தமிழில் கண்டவர் அல்லர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1959-இல் தில்லியில் தொடங்கிய தொலைக்காட்சி, 1972 அக்டோபர் 2 அன்று பம்பாய்க்கும், 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைக்கும் வந்தது. தரைவழி ஒளிபரப்புக் காலத்தில் சென்னை நிலையம் பம்பாயில் எட்டாது. பம்பாய் நிலையத்தின் மராத்தி, இந்தி, குசராத்தி நிகழ்ச்சிகளும், ஞாயிறு பிற்பகலில் எப்போதாவது மொழிபெயர்ப்பு வரிகளோடு வந்த தமிழ்த் திரைப்படமுமே கிடைத்தன. 1993-இல் செயற்கைக்கோள் வழியாகத் தமிழ் அலைவரிசைகள் வந்த பின்னரே நிலைமை மாறியது. தூர்தர்சனின் தமிழ் அலைவரிசையும் அவ்வாண்டு தொடங்கியதே. பின்னர்ப் 'பொதிகை' எனப் பெயர்பெற்ற அது, 2024 முதல் 'டிடி தமிழ்' என வழங்குகிறது. ஆகவே கோவண்டித் தமிழர், லாவணி, போவாடா, கோந்தள் ஆகியவற்றை மராத்தியில் பார்த்துப் பழகியபின் தெம்மாங்கையும் கும்மியையும் திரையிற் கண்டவர் ஆவர். இந்த முன்பின் முறை ஓர் ஒப்பீட்டுக்கு வழிசெய்கிறது.

2.0 பெயரிடுதல்

2.1 இவ்வகைப் பாடல்களுக்குத் தமிழில் ஒரே பெயர் நிலைபெறவில்லை. நாடோடிப் பாடல், நாட்டுப் பாடல், நாட்டார் பாடல், நாட்டுப்புறப் பாடல், கிராமியப் பாடல், பாமரர் பாடல், மக்கள் பாடல், வாய்மொழிப் பாடல் என்பன வெவ்வேறு காலங்களில் வழங்கியுள்ளன. இவை ஒருபொருட் பன்மொழிபோல் தோன்றினும் அவ்வாறல்ல. பெயரிடுபவர் எவ்விடத்தில் நிற்கிறார் என்பதை ஒவ்வொன்றும் காட்டிவிடுகிறது. 'நாடோடி' என்பது பாடலுக்கு ஊரில்லை என்கிறது. 'கிராமியம்' என்பது நகரத்தில் நின்றுகொண்டு சுட்டுவது. 'பாமரர்' என்பது கற்றவர் வாயிலிருந்து மட்டுமே வரக்கூடியது, பேராசிரியர் நா. வானமாமலை முதலில் 'பாமரர் பாடல்கள்' எனப் பெயரிட்டுப் பின்னர் 1964-இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்று வெளியிட்டமை ஒரு சொல்லின் மாற்றம் மட்டுமன்று, நிலைப்பாட்டின் மாற்றமும் ஆகும். பாளையங்கோட்டை ஆய்வாளர் 'நாட்டார் வழக்காற்றியல்' என்றும், பல்கலைக்கழகங்கள் பல 'நாட்டுப்புறவியல்' என்றும் கொண்டதன் பின்னணியும் இதுவே. 'நாட்டார்' என்பதில் மனிதர் உளர். 'நாட்டுப்புறம்' என்பதில் இடம் மட்டுமே உளது.

2.2 தொலைக்காட்சி 'நாட்டுப்புறம்', 'கிராமியம்' என்னும் இரண்டையே பெரிதும் தெரிவு செய்தது. இரண்டும் இடப்பெயர்கள். இதனால் ஓர் எளிய, ஆனால் பாரதூரமான விளைவு உண்டாயிற்று: கோவண்டியில் பாடப்படும் பாடல் இவ்வரையறைக்குள் வாராமற் போயிற்று. ஆடி மாதம் அம்மன் கொடைக்குக் கரகம் எடுத்துப் பாடும் பெண்கள் நிற்பது நாட்டுப்புறத்தில் அன்று. மாநகரின் சாக்கடை ஓரத்தில். பாடல் அதுவே, பாடுபவரும் அவரே. ஆயின் பெயர் அவரை விலக்கிவிடுகிறது.

2.3 மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் இன்னொரு சிக்கலையும் எதிர்கொள்கின்றனர். அமெரிக்கக் 'கன்ட்ரி மியூசிக்' என்பதையும் 'ஃபோக் மியூசிக்' என்பதையும் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் 'நாட்டுப்புற இசை' என்றே பெயர்க்கின்றன. இவை இரண்டும் ஒன்றல்ல. முன்னது 1920களிலிருந்து ஒலிப்பதிவுக் குழுமங்களாலும் வானொலியாலும் வளர்க்கப்பட்ட தொழில்முறை இசை. பாடலாசிரியர் பெயரும் உரிமையும் உடையது. நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' 1925-இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிற்று. டெக்சாசு மாநில ஆஸ்டின் நகரின் பொதுத் தொலைக்காட்சி 1974-இல் ஒளிப்பதிவு செய்த முன்னோட்டத்திலிருந்து 'ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ்' வளர்ந்தது. அங்கும் பெயர் எளிதில் நிலைபெறவில்லை. 'பில்போர்டு' என்னும் வணிக இதழ் 1944-இல் இவ்விசையைப் 'ஃபோக்' என்ற தலைப்பில் பட்டியலிட்டு, 1949-இல் 'கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன்' என மாற்றி, 1962-இல் 'கன்ட்ரி' என்ற ஒற்றைச் சொல்லுக்கு வந்து சேர்ந்தது. 'ஹில்பில்லி' என்னும் பழைய பெயரைப் பாடகர்களே இழிவாகக் கருதியது இம்மாற்றத்திற்கு ஒரு காரணம். ஆக, பெயரைத் தெரிவு செய்வதில் பாடுவோருக்கும் பங்கிருந்தது. தமிழில் அவ்வாறு நிகழ்ந்ததாகக் கூறவியலாது.

2.4 இவ்வேறுபாட்டை மனங்கொண்டு நோக்கின், தமிழ்த் தொலைக்காட்சி 'நாட்டுப்புற இசை' எனக் காட்டிவந்தவற்றுட் பெரும்பகுதி, அமெரிக்கப் பாகுபாட்டில் 'ஃபோக்' என்பதைவிடக் 'கன்ட்ரி' என்பதற்கே நெருக்கமானது எனத் தெரியவரும். மரபான மெட்டில் புதிதாகப் புனையப்பட்ட வரிகள், பயிற்சி பெற்ற பாடகர், இசையமைப்பு, ஒலிநாடா விற்பனை, திரைப்படத் தொடர்பு ஆகிய அனைத்தும் இதில் உண்டு. விசயலட்சுமி நவநீதகிருட்டிணனும் அவர்தம் கணவரும் பல்கலைக்கழக ஆய்வோடு மேடையை இணைத்தனர். புட்பவனம் குப்புசாமி ஊர்ப் பெயரையே தம் பெயரின் முன்னொட்டாக்கி அரங்கப் பாடகராக விளங்கினார். கே. ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவின் வழியாக ஒடுக்கப்பட்டோர் குரலைப் புதிய பாடல்களில் ஒலிக்கச் செய்தார். இவர்களுடைய பணி மதிப்பு வாய்ந்தது. ஆயின் இதனைப் 'பன்னெடுங்காலமாக வாய்மொழியாக வழங்கிவரும் பெயரறியாப் பாடல்' என்று அறிமுகப்படுத்துவது, புனைந்தவருக்கும் நீதியன்று. வழங்கி வந்தவருக்கும் நீதியன்று.

2.5 மராத்தி மரபு இவ்விடத்தில் தெளிவாக உள்ளது. 'ஷாஹிர்' என்னும் சொல் மக்கள் வடிவத்தில் தம் பெயரோடு பாடும் புலவரைக் குறிக்கும். 1944-இல் தோழர்களோடு கலைக்குழு அமைத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் பாடிய அண்ணாபாவ் சாட்டே ஒரு ஷாஹிர். 'மகாராட்டிராச்சி லோக்தாரா' என்னும் புகழ்பெற்ற மேடை நிகழ்ச்சியை அமைத்த கிருட்டிணராவ் சாப்ளேயும் ஒரு ஷாஹிர். வடிவம் மக்களுடையது, வரிகள் இன்னாருடையவை என்று கூற அம்மொழியில் ஒரு சொல் உண்டு. தமிழில் அத்தகைய சொல் வழக்கில் இல்லாமையால் 'நாட்டுப்புறப் பாடகர்' என்னும் பொதுப்பெயர், புனைபவரையும் பாடுபவரையும் சேகரிப்பவரையும் ஒருங்கே மூடிவிடுகிறது.

3.0 நிகழ்ச்சியின் கட்டமைப்பும் மொழி அடுக்கும்

3.1 இத்தகைய நிகழ்ச்சியின் அமைப்புப் பெரும்பாலும் மாறுவதில்லை. அரங்கில் ஓலைக்குடில், கிணறு, முறம், உரல், சீருடைபோல் ஒரே வண்ணக் கண்டாங்கிச் சேலை, தொகுப்பாளரின் முன்னுரை, பாடல், மீண்டும் விளக்கம், பாடகரோடு சிறு உரையாடல், அடுத்த பாடல். இதில் மூன்று மொழி அடுக்குகள் உள்ளன. தொகுப்பாளர் பேசுவது எழுத்துத் தமிழ். பாடலின் மொழி வட்டார வழக்கு. இவற்றிடையே பாடகர் நேர்காணலில் பேசும் மொழி ஒன்று உளது, அது இரண்டுமன்று. இரட்டை வழக்குப் பற்றிய ஃபெர்குசனின் 1959-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின்னர், தமிழின் உயர்வழக்கு, தாழ்வழக்கு ஆகியவை களத்திற்கேற்பப் பிரிந்து நிற்பது பலராலும் விளக்கப்பட்டுள்ளது. நாட்டுப்புற இசை நிகழ்ச்சியின் தனித்தன்மை யாதெனின், இவ்விரு வழக்குகளும் களத்தால் பிரிக்கப்படாமல் ஒரே அரங்கில், ஒரே நிமிடத்தில் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன என்பதே.

3.2 ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். பலர்பால் வினைமுற்றின் ஈறு, எழுத்து வழக்கில் 'வந்தார்கள்'; பொதுப் பேச்சில் 'வந்தாங்க'; மதுரை, இராமநாதபுரப் பகுதிகளில் 'வந்தாக'; திருநெல்வேலி, குமரிப் பகுதிகளில் 'வந்தாவ'. தென்கோடியிலிருந்து வரும் பாடகி பாட்டில் 'வந்தாவ' என்கிறார். தொகுப்பாளர் வினவும்போது 'வந்தாங்க' என்று மாறுகிறார். சற்றே அச்சம் மிகின் 'வந்தார்கள்' என்றும் முயல்கிறார். மூன்று நிமிடத்தில் மூன்று ஈறுகள். இதனை மொழித்திறன் எனப் போற்றலாம். ஆயின் தொகுப்பாளர் ஒருமுறையேனும் 'வந்தாவ' என்று சொல்வதில்லை என்பதையும் உடன் நோக்கவேண்டும். இடம்பெயர்தல் ஒரு திசையில் மட்டுமே நிகழ்கிறது. வட்டார வழக்குக்குப் பாட்டில் இடமுண்டு, பேச்சில் இடமில்லை என்னும் விதி யாரும் கூறாமலே நிறுவப்படுகிறது.

3.3 விளக்கவுரை இவ்விதியை உறுதிசெய்கிறது. பாட்டு முடிந்ததும் அதன் பொருளை எழுத்துத் தமிழில் கூறுவது வழக்கம். இது மொழிபெயர்ப்பே, ஒரு மொழிக்குள் நிகழும் மொழிபெயர்ப்பு. தமிழ் அறிந்தவருக்குத் தமிழ்ப்பாட்டைத் தமிழில் பெயர்த்துக் கூறுவதன் உட்பொருள், இப்பாட்டு உங்களுக்குப் புரிந்திராது என்பதாகும். இங்கு 'உங்கள்' என்பவர் யார்? கோவண்டியின் ஒற்றை அறையில் அமர்ந்து பார்ப்பவருக்குப் பாட்டு புரிகிறது. விளக்கம்தான் சில வேளைகளில் புரிவதில்லை. இந்தி வழிப் பள்ளியில் பயின்ற அவர்தம் பேரனுக்கோ இரண்டும் அரைகுறையாகப் புரிகின்றன. விளக்கவுரை கருதும் கேட்போர் அவ்வறையில் இல்லை.

3.4 நேர அளவும் மொழியைப் பாதிக்கிறது. நடவுப் பாட்டு வேலையின் அளவு நீள்வது. பாடுபவர் ஒரு வரியை எறிய, மற்றவர் அதனை ஏற்று வளர்ப்பது. சில நிமிடங்களுக்குள் முடிக்கவேண்டிய நிலையில் முதலில் விடுபடுவன திரும்பத் திரும்ப வரும் அடிகளும், 'தன்னானே', 'ஏலேலோ' போன்ற பொருளில் அசைகளும், ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆகியவையும் ஆகும். சமூகங்களைத் தாக்குவன, ஆபாசமானவை என்று பொது ஒளிபரப்பின் நெறிமுறை விலக்குவனவற்றில் சாதிப்பெயரும் வசையும் அடங்குதல் இயல்பு. இவ்விலக்கிற்கு நியாயம் உண்டு. ஆயினும் ஊர்ப்பெயர், ஆட்பெயர், சாதிப்பெயர், வசை ஆகிய நான்கும் நீங்கியபின் எஞ்சும் பாடல், எவ்வூரிலும் எவரும் பாடக்கூடிய பாடலாக ஆகிவிடுகிறது. 'நாடோடி' என்னும் பழைய பெயர் இவ்வாறு பின்வாசல் வழியாக உண்மையாகிவிடுகிறது.

4.0 தன்மைப் பன்மையின் இரு வடிவங்கள்

4.1 கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாடு திராவிட மொழிகளின் சிறப்பியல்பு எனக் கால்டுவெல் காலந்தொட்டே சுட்டப்பட்டு வருகிறது. மராத்தியும் இவ்வேறுபாட்டை உடையது: 'ஆம்ஹீ' விலக்குவது, 'ஆபண்' உளப்படுத்துவது. இதனைத் திராவிடத் தொடர்பால் விளைந்த கூறாக மொழியியலாளர் சிலர் கருதுவர். பொது இந்தியின் 'ஹம்' இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

4.2 பம்பாய் நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிக்கு 'ஆம்ச்சி மாத்தி, ஆம்ச்சி மாணஸ' என்பது பெயர். இதனை 'நம் மண், நம் மனிதர்' என்று தமிழிற் பெயர்ப்பது பிழையாகும்; 'எங்கள் மண், எங்கள் மனிதர்' என்பதே சரி. பேசுபவர் உழவர், கேட்கும் நகரத்தார் அதற்குள் இல்லை. இச்சொல் தமிழரை மட்டும் விலக்குவதன்று; தாதரில் அமர்ந்து பார்க்கும் மராத்தியரையும் விலக்குகிறது. அவ்விலக்கில் ஒரு தன்மதிப்பு உளது. உழவர் தம் மண்ணைத் தம் சொல்லால் உரிமை கொண்டாடுகிறார்; கேட்பவர் விருந்தினராக அமர்கிறார். சென்னை நிலையத்தின் இணையான நிகழ்ச்சிக்குப் பெயர் 'வயலும் வாழ்வும்'. இது செவிக்கு இனிய பெயர், மோனையும் உண்டு. ஆயின் யாருடைய வயல், யாருடைய வாழ்வு என்பது அதில் இல்லை.

4.3 தமிழ் நாட்டுப்புற இசை நிகழ்ச்சிகளின் தொகுப்புரையில் ஓர் ஒழுங்கைக் காணலாம். தொடக்கத்தில் 'நம் பண்பாடு', 'நம் முன்னோர்' என்று உளப்பாட்டுப் பன்மை வருகிறது. பாட்டை விளக்கும்போது 'கிராமத்து மக்கள் பாடுவார்கள்', 'அவர்கள் வாழ்வில்' எனப் படர்க்கை வருகிறது. முடிவில் மீண்டும் 'நம் கலைகளைப் போற்றுவோம்' என்று உளப்பாடு வருகிறது. பாடகர் மட்டுமே 'எங்க ஊர்ல' என்கிறார். அதாவது உடைமையைக் கூறும்போது 'நம்', உழைப்பைக் கூறும்போது 'அவர்கள்'. பாடகரின் 'எங்க' என்னும் சொல்லைத் தொகுப்புரை எங்கும் ஏற்று வழிமொழிவதில்லை. இலக்கண நூலில் ஓர் எழுத்தளவே ஆன இவ்வேறுபாடு, கலையின் உரிமை யாரிடம் உள்ளது என்னும் பெரிய வினாவைத் தாங்கி நிற்கிறது.

4.4 தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு மாலை கோவண்டியில் ஒரு வீட்டில் கண்டது இங்குக் கூறத்தக்கது. தென்பாண்டிப் பகுதியிலிருந்து இளமையில் வந்த மூதாட்டி ஒருவரும் அங்கேயே பிறந்த அவர்தம் பேரனும் தொலைக்காட்சியின் முன் இருந்தனர். நாட்டுப்புற இசை நிகழ்ச்சியில் 'அடுத்து ஒப்பாரி' என்று அறிவிக்கப்பட்டது. பாட்டு தொடங்கியதும் மூதாட்டி எழுந்துவிட்டார். "ஏலே, அத அமத்து. விளக்கு வைக்க நேரத்துல இது என்னத்துக்கு?" என்றார். "ஆச்சி, இது டீவி ஆச்சி" என்றான் பேரன். "நம்ம ஊர்ல எழவு இல்லாம இத வீட்டுக்குள்ள பாட மாட்டாவ" என்றார் அவர். "ஒங்க ஊர்ல தான?" என்று கேட்டுக்கொண்டே பேரன் அமர்த்தினான்.

4.5 இவ்வுரையாடலில் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, மூதாட்டிக்கு ஒப்பாரி என்பது பாட்டு வகையன்று, செயல். இறப்பின்றிப் பாடினால் அது இறப்பை அழைப்பதாகும். வகைமைப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு சூழலை விட்டுவிட்ட நிகழ்ச்சி, அச்செயலை உருப்படியாக மாற்றியது. ஒப்பாரி, பிலாக்கணம், மாரடிப் பாட்டு என்று சூழலுக்கும் வட்டாரத்திற்கும் ஏற்ப வேறுபடும் பெயர்கள் அனைத்தும் ஒரே தலைப்பில் அடங்கியதும் இதனாலேயே. இரண்டாவது, 'வைக்க நேரம்', 'மாட்டாவ' என்னும் வடிவங்கள் ஊரை விட்டுப் பல்லாண்டு கழிந்தும் அவரிடம் பிசகாமல் இருந்தன. திரையில் பாடியவரிடத்து நேர்காணலில் அவை இல்லை. மூன்றாவது, அவர் 'நம்ம ஊர்' என்றார்; பேரன் 'ஒங்க ஊர்' என்றான். பாட்டி தந்த உளப்பாட்டுப் பன்மையைப் பேரன் முன்னிலையாக்கித் திருப்பித் தந்தான். திரையில் தொகுப்பாளர் செய்ததையே வீட்டில் பேரனும் செய்தான் என்று கூறுதல் மிகையாகலாம். ஆயினும் அப்பாட்டு தன்னுடையது என்று அவன் கருதுவதற்குத் திரையில் எந்தச் சான்றும் அவனுக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை.

5.0 மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

5.1 பன்மொழி நகரில் இப்பாடல்களை இந்தியிலோ மராத்தியிலோ பெயர்க்க முற்படுவோர் முதலில் இடறுவது உறவுச்சொற்களில். பெண்குரலில் வரும் 'மாமன்' தாயின் உடன்பிறந்தானாகலாம், மணமுறையுள்ள மைத்துனனாகலாம், கணவனாகலாம், காதலனாகலாம். பாட்டின் சுவையே இப்பொருள்கள் ஒன்றோடொன்று மயங்குவதில் உள்ளது. இந்தியில் 'மாமா' என்றே இடின் தாயின் உடன்பிறந்தான் மட்டுமே நிற்பான். அம்மொழி வழங்கும் வடபுல இந்துச் சமூகங்களில் அவ்வுறவில் காதல் கூறுவது தகாததாகும். அதற்கஞ்சிப் 'பியா', 'சாஜன்' எனக் காதலன் பெயராக மாற்றினால் முறையுரிமை என்னும் அடிப்படை மறைந்துவிடும். 'நீ எனக்கு முறை' என்பது வேண்டுகோளன்று, உரிமைக்கூற்று. அதனைக் காதல்மொழியாக்கும்போது பாடும் பெண்ணின் நிமிர்வு குனிவாகிவிடுகிறது.

5.2 மராத்தி இவ்வகையில் பாதிவழி வந்து கைகொடுக்கும். மகாராட்டிரத்தின் பல சமூகங்களில் ஆண் தன் தாய்மாமன் மகளை மணக்கும் வழக்கம் உண்டென்பதையும், அதன் எதிர்த்திசை மணம் விலக்கப்படுவதையும் ஐராவதி கார்வே தம் உறவுமுறை பற்றிய நூலில் (1953) விளக்கியுள்ளார். ஆதலின் அத்தை மகனை நோக்கித் தமிழ்ப்பெண் பாடுவதை 'ஆத்தே பாவு' என்று மராத்தியில் பெயர்த்தால் முறையுரிமை ஓரளவு நிற்கும். தாய்மாமன் மகனை நோக்கிப் பாடுவதாயின் நில்லாது. தாய்மாமனையே மணத்தல் மராத்தி வழக்கிற்கு இன்னும் அயலானது. ஒரே பாட்டின் வரிகள் சில கடந்துவரும். சில கரையிலேயே நின்றுவிடும். வழிமொழி ஆங்கிலமாயின் இந்த நுட்பம் முற்றிலும் அறுந்துவிடும். தமிழிலிருந்து ஆங்கிலம் வழியாக மராத்திக்குச் செல்வதைவிட நேரடியாகச் செல்வது ஏன் தேவை என்பதற்கு இதனினும் நல்ல சான்று அரிது.

5.3 அடுத்தது அசைச்சொற்கள். மொழிபெயர்ப்பு வரிகளில் இவை பெரும்பாலும் விடப்படுகின்றன. பொருளில்லை என்பதே காரணம். பொருள் இல்லையாயினும் பணி உண்டு. 'ஆராரோ' என்றதும் தாலாட்டு என்றும், 'ஏலேலோ' என்றதும் ஓடமோ சுமையிழுப்போ என்றும், 'தன்னானே' என்றதும் கூட்டுப்பாட்டு என்றும் கேட்பவர் அறிகிறார். வகைமையைத் தலைப்பால் அறிவிக்கும் தொலைக்காட்சிக்கு முன்பே, பாட்டு தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும் முறை இது. இவற்றை ஒலிபெயர்த்து அப்படியே இடுதல் நன்று. லாவணி, போவாடா ஆகியவற்றின் இசைப்பை கேட்டுப் பழகிய மராத்தியருக்கு இது அயலாகத் தோன்றாது.

6.0 நிறைகள்

குறைகளை மட்டும் கூறி முடித்தல் நடுநிலையாகாது. பொது ஒலி, ஒளிபரப்பு இன்றேல் இக்கலைஞர் பலரை அவர்தம் மாவட்டத்திற்கு அப்பால் எவரும் அறிந்திரார். கொல்லங்குடி கருப்பாயி வானொலி வழியாகவே பரவலாக அறியப்பட்டு, 1985-இல் 'ஆண்பாவம்' திரைப்படத்தில் தோன்றினார். விளம்பரத்தை நம்பி வாழும் தனியார் அலைவரிசைகள் திரைப்பாடலில் மூழ்கிய காலத்திலும், பறையையும் உறுமியையும் முழு நீளம் கேட்கும் வாய்ப்பைப் பொதுத்தொலைக்காட்சி ஓரளவேனும் காத்தது. பறை ஊரின் ஒதுக்குப்புறத்தில் மட்டும் ஒலித்த காலத்தை அறிந்தவருக்கு, அது அரசு நிலையத்தின் அரங்கில் ஒலித்தது சிறு நிகழ்வன்று. கோவண்டியின் முதியோர்க்கு இந்நிகழ்ச்சிகள் ஊரின் ஒலியைக் கொண்டுவந்து தந்தன. முன்கூறிய மூதாட்டியும் ஒப்பாரியைத்தான் அமர்த்தச் சொன்னார். அதற்கு முன் வந்த கும்மிக்கு அவர் விரல்கள் தாளமிட்டுக்கொண்டிருந்தன.

மேலும், அச்சிலும் இதே குறைகள் உள்ளன என்பதை மறத்தலாகாது. 1871-இல் சார்லஸ் கோவர் தென்னிந்தியப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மெக்வீன் திரட்டியவற்றைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958-இல் வெளிவந்தது. இவைபோன்ற தொகுப்புகளில் சேகரித்தவர், பதிப்பித்தவர் பெயர்கள் நிலைத்தன. பாடியவர் பெயர்கள் பெரும்பாலும் நிலைக்கவில்லை. தொலைக்காட்சியிலோ பாடுபவரின் முகமும் குரலும் உண்டு. அவ்வகையில் அது அச்சினும் ஒருபடி முன்னேறியதே. முகத்தைக் காட்டிய ஊடகம் மொழியையும் காட்டியிருக்கலாம் என்பதே நம் குறை.

7.0 முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு:

(அ) 'நாட்டுப்புற இசை' என்னும் ஒரே தொடர், வாய்மொழி மரபையும் அம்மரபின் வடிவில் புனையப்படும் தொழில்முறை இசையையும் ஒருங்கே குறித்து மயக்கம் தருகிறது. முன்னதை 'வாய்மொழிப் பாடல்' என்றும், பின்னதை 'நாட்டு மெட்டிசை' என்றோ 'மக்களிசை' என்றோ பிரித்து வழங்கலாம். அமெரிக்கக் 'கன்ட்ரி' இசையைப் பெயர்ப்போரும் இப்பிரிவைப் பின்பற்றலாம்.

(ஆ) ஒவ்வொரு பாடலுக்கும் பாடியவர், கேட்டறிந்த ஊர், பாடும் சூழல், புதுப்புனைவாயின் புனைந்தவர் என நான்கு செய்திகளைத் திரையில் எழுத்தாகக் காட்டுதல் வேண்டும். ஒரு வரியில் அடங்கும் செய்தி இது. காட்டினால் பாட்டுக்கு ஊர் திரும்பக் கிடைக்கும்.

(இ) எழுத்துத் தமிழ் விளக்கத்திற்கு மாற்றாகப் பாடகரையே அவர்தம் வழக்கில் விளக்கச் செய்யலாம். புரியாத சொல் ஒன்றிரண்டு இருப்பின் இருக்கட்டும். புரியாமையும் கேட்டறிதலின் ஒரு பகுதியே.

(ஈ) நிலையத்தின் பழைய ஒளிப்பதிவுகள் வட்டார வழக்கு ஆய்வுக்குச் சிறந்த மூலங்கள். பாடலை மட்டுமன்றி நேர்காணலையும் எழுத்துப்பெயர்த்துப் பார்த்தால், மொழிமாற்றத்தின் திசையும் வேகமும் தெரியவரும்.

(உ) கோவண்டி, சீத்தா கேம்ப், தாராவி ஆகிய இடங்களில் வாழும் முதியோரின் பாடல்களைப் பதிவுசெய்தல் உடனடித் தேவை. ஊரில் மாறிவிட்ட வினையீறுகள் இங்கு மாறாமல் இருக்கலாம். ஊரில் இல்லாத 'கோலி', 'நாக்கா' போன்ற மராத்திச் சொற்கள் இங்குப் பாட்டினுள் புகுந்திருக்கலாம். இரண்டும் மொழியியலாருக்கு வேண்டியனவே. நாட்டுப்புறம் என்னும் இடப்பெயர் அவர்களை விலக்கிற்று என்பதற்காக ஆய்வும் விலக்கவேண்டியதில்லை.

ஒரு மொழியில் 'நாம்', 'நாங்கள்' என்னும் இரு சொற்கள் இருப்பது, பேசுபவர் ஒவ்வொரு முறையும் தெரிவு செய்தாக வேண்டும் என்பதற்காகவே. தொலைக்காட்சி தன் தெரிவைச் சிந்தியாமலே செய்துவந்தது. பாடுபவரின் 'எங்கள்' என்னும் சொல்லை முதலில் மதித்துக் கேட்டால்தான், 'ஒங்க ஊர்' என்று சொல்லும் பிள்ளை என்றேனும் ஒருநாள் 'நம்ம ஊர்' என்று சொல்லக் காரணம் கிடைக்கும்.